தெரிந்தும் தெரியாத ஆட்கள்

அந்த ஆட்டத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனதே, தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம்தான். பிற்பாடு நான் மிகவும் வெறுத்ததும் அதே சட்டத்தைத்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். அதாவது, மற்றவர்கள் எழுதி முடித்ததில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. சிடுமூஞ்சிக்கு ஏற்ற உத்தியோகம் என்று அம்மா சொல்வாள். சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. வாரம் முழுக்க ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வாடகை அறை, சனிக்கிழமை காலை பாசஞ்சர் பிடித்து அம்மாவிடம், இப்படி ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் மலையாளத்தில் பேசுவார்கள். எல்லைக்காரனுக்கு மலையாளம் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் அவர்கள் சிரிக்கும் இடத்துக்கு நான் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேர்வேன். பிந்திச் சிரிப்பதைவிடச் சிரிக்காமலே இருந்துவிடலாம் என்று தீர்மானித்து, உம்மணாமூஞ்சி என்று பேர் வாங்கினேன்.

ஆட்டத்துக்கு என்னை அழைத்தவர் வேறொரு பிரிவில் டீம் லீடாக இருந்தார். மேற்குக் கோட்டை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆகவே அலுவலகத்து மலையாளிகள் அத்தனை பேருக்கும் அவர் சுவாமி. நானும் அப்படியே கூப்பிட்டேன். அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கிருந்து வருகிறவர்கள் சாக்லேட்டும் சென்டும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பெட்டி நிறையப் பகடைகளும் தடித்தடியான விதிப் புத்தகங்களும் கொண்டுவந்தார். நெல்லிக்காய் அளவில், பல முகங்கள் கொண்ட பகடைகள். ஒருநாள் கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஞாயத்துக்கெழமை மத்தியானம் என்ன பண்றேள்?" என்று கேட்டார். கழக்கூட்டத்தில் அதுவரை யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஆட்டம் அவர் வீட்டு மாடியில். கீழே அவருடைய பெற்றோர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருப்பார்கள் என்பதால், போர், கொலை, கொள்ளை எல்லாம் தணிந்த குரலிலேயே நடக்கும். ஒரு கற்பனை ராஜ்ஜியம். சுவாமிதான் அதற்குக் கடவுள், மழை, திருடன், சத்திரக்காரன் எல்லாம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, அதுவாகவே பேசி அதுவாகவே முடிவெடுக்க வேண்டும். வெட்டு விழுமா தப்புமா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரம் என்று நாங்கள் சொல்வதில்லை; என் ஆள், உன் ஆள் என்போம். என் ஆள் தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து வந்த படகோட்டி. என்னைத் தவிர இன்னும் இருவர். ஒருவர் நெட்வொர்க் பிரிவிலிருந்த நெய்யாற்றின்கரைக்காரர். கல்யாணமாகாதவர், என்னிடம் மட்டும் மலையாள வாடையடிக்கும் தமிழில் பேசுவார். அவருடைய ஆள் ஒரு வாள்வீரன். மற்றவர் விடுதியில் தங்கி வேலை பார்த்த திருச்சூர்ப் பெண். அவருடைய ஆள் காயங்களுக்கு மருந்து கட்டும் வைத்தியச்சி.

ஆளுக்கு ஒரு தாள் உண்டு. முன்பக்கத்தில் பெயர், பலம், கையிலிருக்கும் ஆயுதம்; அதை எல்லோரும் பார்க்கலாம். பின்பக்கத்தில் அந்த ஆளின் இரகசியம். அதைச் சுவாமி மட்டும் படிப்பார். ஆட்டம் முழுதாக முடியும் அன்றுதான் தாளைப் புரட்டிப்போட வேண்டும். இரகசியம் அதற்கு முன் எப்படியாவது தெரிந்துபோனால் என்ன செய்வது என்ற சந்தேகம் ஆரம்பத்திலேயே தீர்ந்துவிட்டது. மின்விசிறிக் காற்றில் திருச்சூர்ப் பெண்ணின் தாள் புரண்டு விழ, வைத்தியச்சி உண்மையில் எதிரி நாட்டு உளவாளி என்பதை நாங்கள் எல்லோருமே பார்த்துவிட்டோம். அவர் முகம் தொங்கிப்போனது. சுவாமி அசரவில்லை.

"பாத்தா என்ன? ஒனக்குத் தெரியும், ஒன் ஆளுக்குத் தெரியாது. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கப்படாது. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்கறதுதான் ஆட்டமே."

அடுத்த சுற்றிலேயே வாள்வீரன் காய்ச்சலில் விழுந்தான். நெய்யாற்றின்கரைக்காரர் கொஞ்சமும் தயங்காமல், தன் வாளை வைத்தியச்சியிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கோங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். உளவாளியிடம் என்று தெரிந்தே வாளைக் கொடுத்தார். வளர்ந்த மனிதர்கள் இப்படி ஒரு காரியத்தை இவ்வளவு ஒழுங்காகச் செய்வார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றுமுதல் அந்த மாடியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆட்டத்துக்காக ஞாயிறு காலை ஆராதனை முடிந்த கையோடு ஊரிலிருந்து கிளம்பிவிடுவேன். அம்மாவுக்கு அதில் வருத்தம். "ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போனா அந்த ராஜாங்கம் இடிஞ்சா போவும்?" என்பாள். ஆனாலும் மீன் பொரித்ததோ, மரச்சீனிக் கிழங்கு அவித்ததோ ஏதாவது ஒன்றைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்துவிடுவாள். திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, பையோடு நேராக மேற்குக் கோட்டைக்கு நடப்பேன். மாடி ஏறியதும் திருச்சூர்ப் பெண் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா என்னா தந்து விட்டே?" என்பதுதான். உடனே மூவரும் இறங்கிப் போய், பொட்டலத்தைத் தெருமுனையில் நின்று பிரித்துக் காலி செய்துவிட்டு, கைகழுவிக்கொண்டு அக்கிரகாரத்து வீட்டுக்குள் மறுபடி நுழைவோம். சுவாமிக்குத் தெரியும். சுவாமியின் ஆளுக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு நான் பிந்துவதில்லை.

அம்மா ஒரு வேலை நாளில் இறந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. சுகமில்லை, உடனே வா என்று மட்டும் சொன்னார்கள். மேனேஜரிடம் அப்படியே சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது. சபையார் முன்னின்று எல்லாவற்றையும் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்; பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். நானும் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கழக்கூட்டத்துக்கு வந்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, "அம்மைக்கு எங்ஙனெ உண்டு?" என்று நலம் கேட்டார்.

"கொழப்பமில்ல சார்" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. எங்கள் பக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை அது. திருத்திச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் வேறு போனில் பேசத் தொடங்கிவிட்டார். இறந்தவளைப் பிழைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, மறுநாள் போய் இல்லை, இறந்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இறந்ததைவிடப் பொய் சொன்னதுதான் பேச்சாகும். சரி, இவரிடம் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை மாடியில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அங்கே திருச்சூர்ப் பெண் வழக்கம்போலக் கேட்பார், கேட்டதும் சொல்லிவிடலாம். நானாகச் சபையைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிறும் கையில் பையோடுதான் போனேன். ஊருக்குப் போகவில்லை, பையில் ஒரு துவர்த்துத் துண்டு மட்டும் கிடந்தது. ஏன் அதை எடுத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாடியேறினேன். திருச்சூர்ப் பெண் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், உடனே குனிந்து பகடைகளை நிறம் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். கேட்கவில்லை. நெய்யாற்றின்கரைக்காரர் ஜன்னலைத் திறந்துவைப்பதில் மும்முரமாக இருந்தார். சுவாமி, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

அடுத்த வாரமும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எனக்கு வீம்பு பிடித்தது. வாராவாரம் என் அம்மா செய்த மீனைத் தின்றவர்கள், அது நின்றுபோனதும் ஏன் நின்றது என்றுகூடக் கேட்க மாட்டார்களா? கேட்காதவர்களிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? சனிக்கிழமைகளில் அறையிலேயே கிடந்தேன். துணி துவைப்பேன், காயப்போடுவேன், காய்ந்ததா என்று போய்ப் போய்ப் பார்ப்பேன். சனி முழுவதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் மாடியில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. சுவாமியிடம் என் ஆளின் இரகசியத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். படகைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவன் என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, இவனுக்கு ஊரில் இருந்த ஒரே ஒருத்தியும் இறந்துவிட்டாள், இவன் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். சுவாமி இரண்டு வரியை ஒரு பக்கம் படிக்கிற நேரம் படித்தார். "சரி, மாத்திண்டாச்சு" என்று தாளைக் கவிழ்த்துத் தந்தார்.

என் கணக்கு எளிமையானது. படகோட்டியின் நடவடிக்கையிலிருந்து மற்ற இரண்டு ஆட்களில் ஒருவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, உனக்கு என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். ஆட்டத்தில் கேட்டாலும் போதும், அதற்குப் பின்னால் நான் நிஜமாகவே சொல்லிவிடுவேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் மாடி ஏறினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புதையலையோ கோட்டையையோ பிடிப்பதில் எனக்கு அக்கறையே இல்லாமல் போயிருந்தது.

எத்தனை விதமாகக் காட்டிக்கொடுத்தேன். தெற்கே போகும் சாலை வந்தால் படகோட்டி வேறு வழியில் போகலாம் என்பான். திருவிழாக் கூட்டத்தில் வயதான பெண்களைக் கண்டால் ஒதுங்கி நிற்பான். சமைத்ததைத் தொடமாட்டான். மற்ற இருவரும் ஏன் என்று கேட்கவே இல்லை. படகோட்டி ஒதுங்கினால் வாள்வீரனும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசாமல் நிற்பான். படகோட்டி சாப்பிடாவிட்டால் வைத்தியச்சி தன் பங்கை மூடி அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஆட்டத்துக்கு வெளியிலும் ஏதேதோ நடந்தது. விடுதியில் அதிகமாகிவிட்டது என்று திருச்சூர்ப் பெண் சோற்றுப் பொட்டலம் நீட்டுவார். நெய்யாற்றின்கரைக்காரர், தன் வீடு நேர் எதிர்த் திசையில் இருக்க, கழக்கூட்டம் பக்கம் சோலி இருக்கிறது என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வார். விடுதியில் சோறு அதிகமாவதும் ஒருவனுக்குச் சோலி இருப்பதும் உலக வழக்கம்தானே என்று நானும் வாங்கிக்கொண்டேன், ஏறிக்கொண்டேன். குற்றம் கண்டுபிடிக்கிறவனுக்கு மற்றது கண்ணில் படுவதில்லை போலும்.

ஒரு ஞாயிறு, ஆட்டத்தில் நாங்கள் மழைக்கு ஒதுங்கிய சத்திரத்தில், சுவாமி சத்திரக்காரக் கிழவன் குரலில் ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டு வந்தார். எந்த ஊர், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று. என் முறை வந்தது.

"அம்மை இருக்கா" என்றேன். படகோட்டியின் குரலில் சொல்லத்தான் நினைத்தேன். அது என் குரலாகவே வந்து, பாதியில் உடைந்துபோனது.

கீழே யாரோ புரண்டு படுக்கும் கட்டில் சத்தம்கூடக் கேட்டது. இப்போது கேட்பார்கள் என்று நினைத்தேன். இதற்கு மேலும் ஒரு மனிதன் எப்படித்தான் காட்டிக்கொடுப்பது? நெய்யாற்றின்கரைக்காரர் கையிலிருந்த பகடையை உருட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். திருச்சூர்ப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, வைத்தியச்சியின் குரலில், மழை விட்டதும் புறப்படலாம் என்றார். ஆட்டம் நகர்ந்துவிட்டது. அன்று ஸ்கூட்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கிழக்குக் கோட்டைக்கு நடந்தேன். பழவங்காடிக் கோயிலில் கணபதிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செத்தாலும் இவர்கள் பகடையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

சுவாமிக்கு மறுபடியும் அமெரிக்காவுக்கு மாற்றல் வந்தது. இனி ஆட்டம் இல்லை. கடைசி ஞாயிறு மத்தியானம், பெயருக்கு ஒரு கோட்டையைப் பிடித்து ஆட்டத்தை முடித்தோம். தாள்களைப் புரட்டிப்போடும் நேரம். வைத்தியச்சி உளவாளி என்பது பழைய செய்தி. இருந்தும் வாள்வீரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சி அடைந்து காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். வாள்வீரனுக்கு இருட்டென்றால் பயம் என்று அவன் தாளில் இருந்தது. அதற்கும் சிரித்தார்கள். பிறகு நான் என் தாளைப் புரட்டி மேஜை நடுவில் வைத்தேன்.

யாரும் குனிந்து படிக்கவில்லை.

"வாசிக்கலியா?" என்றேன்.

நெய்யாற்றின்கரைக்காரர் சுவாமியைப் பார்த்தார். சுவாமி தலையசைத்தார்.

"எங்களுக்குத் தெரியும்டே" என்றார் நெய்யாற்றின்கரைக்காரர். "அம்மை மரிச்ச சமயம் நான் மார்த்தாண்டத்துக்குப் பெண்ணு காணப் போயிருந்தேன். ஆரிட்டயும் சொல்லாமத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருந்தது. அம்மையோட படம். கீழ மகன்னு உன் பேரு, திருவனந்தபுரம்னும் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிச்சேன்."

எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துச் சுவருக்குச் சுவர் ஒட்டுவார்கள். அந்தச் சுவர்களெல்லாம் எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருப்பவை, கழக்கூட்டத்துக்காரர்களின் கண்ணுக்கு எட்டாதவை என்று நான் நினைத்திருந்தேன். எல்லைக்காரனாக இருந்துகொண்டு அப்படி நினைத்தேன்.

"அந்த வாரமேவா?"

"அந்த வாரமே. உன்னைப் பாக்க வரணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து, அம்மைக்குக் கொழப்பமில்லன்னு மேனேஜர்ட்ட சொன்னியாம். நீ ஒண்ணும் சொல்லல்லியே. பின்ன நான் எங்ஙன சோதிக்கும்?"

சோதிப்பது என்றால் அவர் பாஷையில் கேட்பது. சுவாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான்தான் சொன்னேன். அவன் சொல்லாம இருக்கான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அவனாச் சொல்ற வரைக்கும் நமக்குத் தெரியாது. மூணு பேரும் அப்படியே இருந்துடுவோம்னேன். நீ அந்த ரெண்டு வரிய எழுதிண்டு வந்தப்போ எனக்கு என்னமோ போல ஆயிடுத்து. ஆனா அதுலயும் நீ யார்ட்டயும் சொல்லலைன்னுதானே எழுதியிருந்தே?"

அவர்கள் மூவரும் அந்த முதல் வாரமே அக்கிரகாரத்து மாடியில் கூடி எனக்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். திருச்சூர்ப் பெண் அழுதிருக்கிறார். பாளையம் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். அதிகமாகிப்போன சோறும், கழக்கூட்டத்துச் சோலியும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கோ ஆத்திரம் வந்தது. மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்து என் அம்மாவுக்காக அழுதபோது, நான் அறையில் துணி காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆத்திரத்தோடேயே பேச ஆரம்பித்தேன். ஒரு வருஷமாக நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. "நான் போகும்போ அடுப்புல மரச்சீனிக் கிழங்கு அவிச்சது அப்படியே இருந்துது. எனக்கு வெச்சதில்ல, அவளுக்கு வெச்சது. அதை யாரு எடுத்துக் களைஞ்சாங்கன்னு தெரியல. திரும்பி வந்து பாத்தா பானை கழுவிக் கவுத்தியிருக்கு..." அதற்குமேல் வரவில்லை. அம்மா போனபின் முதல்முறையாக மற்றவர் முன்னிலையில் அழுதேன். பெரிய சத்தமாக வந்துவிட்டது.

அவர்கள் நல்லவர்கள். கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெய்யாற்றின்கரைக்காரர் என் முதுகில் கை வைத்தார். ஆனால் அவர்கள் கண்களில் இருந்தது அந்த அழுகைக்கான பதற்றம் மட்டும்தான். துக்கம் இல்லை. என்னைத் தேற்ற வேண்டிய வார்த்தைகளை அவர்கள் எப்போதோ ஒருவருக்கொருவர் சொல்லித் தீர்த்திருந்தார்கள். கீழேயிருந்து சுவாமியின் அம்மா காபி ஆறிப்போகிறது என்று குரல் கொடுத்தார். சுவாமி எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

திருச்சூர்ப் பெண் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிகவும் ஆதரவாக, குழந்தையிடம் பேசுவதுபோல, "அதொக்கெ கழிஞ்ஞில்லே" என்றார். அதெல்லாம் முடிந்துபோய்விட்டதே என்று அர்த்தம்.

அவர்களுக்கு முடிந்திருந்தது. எனக்கு அம்மா அன்றைக்குத்தான் இறந்திருந்தாள்.